பேச எழும்போது: கிராம சபை முதல் நேர்காணல் வரை

புதுக்கோட்டை மாவட்டம் குளத்தூர் வட்டாரத்தில் வாழும் ஒருவர் நாலு பேர் முன்னால் வாயைத் திறந்தே ஆகவேண்டிய இடங்கள் சில உண்டு. ஊராட்சியின் கிராம சபை, கீரனூரில் இருக்கும் தாலுகா ஆபீஸ், மாத்தூர் தொழிற்பேட்டைக் கம்பெனிகளின் நேர்காணல் அறை, அப்புறம் போன். டீக்கடையில் அரை மணி நேரம் தடங்கல் இல்லாமல் பேசுகிறவர்கூட இங்கே வந்ததும் தொண்டை அடைத்து நிற்கிறார். பெரும்பாலும் ஒரே காரணம்தான்: என்ன கேட்கப் போகிறோம் என்று முடிவு செய்யாமலே எழுந்துவிடுகிறார். எழுவதற்கு முன் உங்கள் கோரிக்கையை ஒரே வாக்கியமாக்கிக்கொள்ளுங்கள். இந்த அத்தியாயம் சொல்லிக்கொடுப்பதெல்லாம் அந்த வேலையையும், அதைச் சபையில் எப்படிச் சேர்ப்பது என்பதையும்தான்.

எந்தத் தமிழில் பேசுவது?

வீட்டில் பேசும் தமிழில். திருமயத்தில் 1887-ல் பிறந்த தீரர் சத்தியமூர்த்தியின் பேச்சைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் மாவட்டம் இது. அதனாலோ என்னவோ, பேச்சு என்றாலே மேடைப்பேச்சு என்ற எண்ணம் நம்மிடம் ஊறிக் கிடக்கிறது. "பெருமதிப்பிற்குரிய ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, துணைத்தலைவர் அவர்களே, வார்டு உறுப்பினர் பெருமக்களே" என்று தொடங்குகிறவருக்கு, விஷயத்துக்கு வருவதற்குள் மூச்சு வாங்கிவிடும். "தலைவரே, வணக்கம்" போதும்.

மோட்டார், டேங்க், பைப், கரண்ட் போன்ற சொற்களை நாக்கில் வருகிறபடியே சொல்லுங்கள். அவற்றுக்குத் தூய தமிழ்ச் சொல் தேடித் திணறவும் வேண்டாம், தெரியாத ஆங்கிலத்தை நுழைத்துத் தடுமாறவும் வேண்டாம். ஆங்கிலம் வராததால் தாழ்ந்துவிட்டோம் என்ற எண்ணம் சிலருக்கு உண்டு. இந்தியாவின் மிகக் கடினமான நேர்காணலாகச் சொல்லப்படும் யூபிஎஸ்சி ஆளுமைத் தேர்வைக்கூட, முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதியவர் தமிழிலேயே எதிர்கொள்ளலாம். அதற்கு 275 மதிப்பெண்.

மரியாதைச் சொல்லில் மட்டும் கொஞ்சம் கவனம் தேவை. தலைவர் உங்களுக்கு மாமா முறையாக இருக்கலாம், வார்டு உறுப்பினர் கூடப்படித்த மச்சானாக இருக்கலாம். சபையில் அந்த முறைகளைச் சொல்லிக் கூப்பிட்டால், கேட்கிற மற்றவர்களுக்கு அது உங்கள் குடும்ப விவகாரமாகப் படும். "தலைவரே", "சார்", "மேடம்", "ஐயா", "அம்மா" ஆகியவை எல்லாருக்கும் பொருந்தும். வயதில் மூத்தவர் குறுக்கே பேசினால் "அண்ணே, ஒரு நிமிசம்", "அக்கா, நான் முடிச்சுக்கறேன்" என்பது சரியான அளவு.

ஒரு நிமிடப் பேச்சைத் தயாரித்தல்

கிராம சபையில் ஒருவருக்கு நிம்மதியாகக் கிடைக்கும் நேரம் ஒரு நிமிடம், மிஞ்சினால் இரண்டு. அதற்குள் எட்டுப் பத்து வாக்கியம் பேசலாம். கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே தொடங்குங்கள்.

1. ஒரே கோரிக்கையைத் தேர்ந்தெடுங்கள். தண்ணீர், ரோடு, தெருவிளக்கு மூன்றும் பிரச்சினைதான். ஆனால் மூன்றையும் ஒருவரே சொன்னால் பதில் சொல்கிறவர் அவற்றில் எளிதானதைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவார். உங்களுக்குத் தண்ணீர் என்றால், ரோட்டைப் பக்கத்து வீட்டுக்காரர் கேட்கட்டும்.

2. நேரில் போய்ப் பார்த்து எண்ணுங்கள். எத்தனை வீடு? எந்தத் தேதியிலிருந்து? எந்தக் குழாயில்? தெருவிளக்கு என்றால் கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். போனில் இரண்டு படம் எடுங்கள், ஒன்று தூரத்திலிருந்து, ஒன்று கிட்டத்திலிருந்து.

3. செய்ய வேண்டியவர் யார் என்று விசாரியுங்கள். தெருக்குழாய், தெருவிளக்கு, குப்பை எல்லாம் ஊராட்சி. பட்டா, எல்லைப் பிரச்சினை தாலுகா ஆபீஸ். சாய்ந்த மின்கம்பம், தொங்கும் கம்பி மின்வாரியம், அதற்கு மின்னகம் எண் 94987 94987. கண்மாய் விஷயத்தில்தான் பலரும் தவறான ஆளைக் கேட்டுவிடுகிறார்கள். ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்குக் குறைந்த கண்மாய்கள் பொதுவாக ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு, அதற்கு மேற்பட்டவை நீர்வளத் துறையின் பொறுப்பு. ஊராட்சியால் முடியாத வேலையாக இருந்தாலும் சபையில் பேசலாம். அப்போது "செஞ்சு குடுங்க" என்று கேட்காமல், "இந்தத் துறைக்குத் தீர்மானம் போட்டு அனுப்புங்க" என்று கேளுங்கள்.

4. நான்கு கேள்விக்கு விடை எழுதுங்கள். நான் யார், எந்தத் தெரு? என்ன நடந்திருக்கிறது? யாருக்குப் பாதிப்பு? யார், எதற்குள், என்ன செய்ய வேண்டும்? ஒவ்வொன்றுக்கும் ஒன்றிரண்டு வாக்கியம்.

5. சத்தமாகப் பேசிப் பாருங்கள். மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பது பயிற்சி ஆகாது. போனில் பதிவு செய்து கேளுங்கள். முதல் முறை கேட்கும்போது உங்கள் குரலே உங்களுக்கு வேறு மாதிரி இருக்கும், எல்லாருக்கும் அப்படித்தான். எங்கே இழுக்கிறீர்கள், எங்கே வேகமாக ஓடுகிறீர்கள் என்பதை மட்டும் கவனியுங்கள்.

6. அதையே மனுவாக எழுதி இரண்டு பிரதி எடுங்கள். ஒன்று கொடுக்க, ஒன்று கையெழுத்து வாங்கி நீங்கள் வைத்துக்கொள்ள.

இப்போது ஒரு கற்பனைத் தெருவை எடுத்துக்கொண்டு வித்தியாசத்தைப் பார்ப்போம். தயாரிக்காமல் எழுந்தவர் பேசுவது இப்படி இருக்கும்:

"தண்ணியே வரமாட்டேங்குதுங்க. எத்தனை வருசமாச் சொல்றோம், யாரு கேக்குறா? ரோடும் சரியில்ல, லைட்டும் எரியல. ஓட்டுக் கேக்கும்போது மட்டும் வர்றாங்க. அவங்க ஆளுங்க தெருவுக்குன்னா உடனே செய்றாங்க…"

சொன்னதில் பொய் எதுவும் இல்லாமல் இருக்கலாம். ஆனால் எழுதிக்கொள்ள ஒரு வரிகூட இல்லை. கடைசி வாக்கியம் வந்ததுமே அங்கே சண்டை தொடங்கிவிடும், தண்ணீர் மறந்துபோகும். அதே மனிதர் தயாரித்துக்கொண்டு வந்தால்:

"தலைவரே, வணக்கம். நான் மேலத்தெரு. எங்க தெருவுல 32 வீடு. போன மாசம் பத்தாந்தேதியிலேருந்து கடைசி 14 வீட்டுக்குத் தண்ணி ஏறலை. கேட்வால்வு கிட்ட பைப்பு கசியுது, போட்டோ எடுத்து வச்சிருக்கேன். வயசானவங்க கீழத்தெரு போருக்கு நடந்துபோய்க் குடம் தூக்கிட்டு வர்றாங்க. இந்த மாசக் கடைசிக்குள்ள கசிவைச் சரிபண்ணித் தரணும். இதைத் தீர்மானத்துல ஏத்திக்கச் சொல்லிக் கேட்டுக்கறேன். மனு எழுதிக் கொண்டாந்திருக்கேன்."

முக்கால் நிமிடம்கூட ஆகாது. யாரையும் குற்றம் சொல்லவில்லை. 14 என்ற எண்ணை யாரும் மறுக்க முடியாது, வேண்டுமானால் போய் எண்ணிப் பார்க்கலாம். "தீர்மானத்துல ஏத்திக்க" என்ற சொல்தான் இதில் மிக முக்கியம். பேசியது காற்றோடு போகும், பதிவேட்டில் ஏறியதைப் பிறகு யாரும் இல்லையென்று சொல்ல முடியாது.

பயம் போக: குழுவாகப் பழகுங்கள்

கை நடுங்குவதும் வாய் உலர்வதும் உடம்பின் இயல்பு. அது முழுதாகப் போகும்வரை காத்திருந்தால் யாரும் எப்போதும் பேசமாட்டார்கள். தனியாகக் கண்ணாடி முன் பேசிப் பார்ப்பதை விட நாலைந்து பேராகச் சேர்ந்து பழகுவது சீக்கிரம் பலன் தரும்.

இதற்கு நம் மாவட்டத்திலேயே பெரிய முன்னுதாரணம் இருக்கிறது. 1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்துக்கொண்டார். கல்லுடைக்கும் பெண்கள், வயல்வேலை செய்பவர்கள், கிராமச் செவிலியர்கள் எனப் பல்லாயிரம் பெண்கள் ஓட்டப் பழகினார்கள். 1992 மகளிர் தினத்தில் புதுக்கோட்டை நகரத்தில் அவர்கள் சைக்கிள் ஊர்வலம் போனார்கள். கல்குவாரிகள் பெண்கள் குழுக்களுக்குக் குத்தகைக்குக் கொடுக்கப்பட்டதும் அந்தக் காலத்தில்தான். குவாரி எடுத்தபின் அதிகாரியிடமும் லாரிக்காரரிடமும் கல் வாங்க வருகிறவரிடமும் அவர்களே பேச வேண்டியிருந்தது. ஊர் பார்க்கச் சைக்கிள் ஏறவே தயங்கிய பெண்கள், பக்கத்தில் இன்னும் நாலு பேர் ஏறியதால் ஏறினார்கள். பேச்சும் அந்த வழியில்தான் வரும்.

உங்கள் மகளிர் குழு கூடும் நாளில் கடைசிப் பதினைந்து நிமிடத்தை இதற்கு ஒதுக்கலாம்:

1. ஒருவர் தலைவராக உட்காரட்டும், ஒருவர் பற்றாளராக. கிராம சபையைக் கவனிக்க ஒன்றியத்திலிருந்து அனுப்பப்படும் அலுவலரைத்தான் பற்றாளர் என்கிறார்கள்.
2. ஒவ்வொருவரும் எழுந்து நின்று ஒரு நிமிடம் பேசட்டும். உட்கார்ந்தே பேசிப் பழகினால் சபையில் எழுந்ததும் தடுமாறும்.
3. ஒருவரின் வேலை குறுக்கே பேசுவது மட்டும். "அதெல்லாம் பாத்துக்கலாம், உக்காரும்மா" என்று அவர் சொல்லட்டும். அதற்குப் பதில் சொல்லிப் பழகுங்கள்.
4. முடிந்ததும் கேட்டவர்கள் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லட்டும்: "இவங்க என்ன கேட்டாங்க?" ஆளுக்கு ஒரு பதில் சொன்னால் பேச்சை இன்னும் சுருக்க வேண்டும்.

மூன்றாவது படியை யாரும் விட்டுவிடாதீர்கள். நன்றாகத் தயாரித்தவர்கள்கூடத் தோற்றுப்போவது அங்கேதான்.

சபை நாளன்று

தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லாரும் உறுப்பினர்கள். பேச யாருடைய அனுமதியும் உங்களுக்கு வேண்டியதில்லை, பேசுவது உங்கள் உரிமை.

கூட்டம் செல்லுபடியாக வேண்டுமானால் குறைந்தபட்ச ஆட்கள் வேண்டும். ஊராட்சியின் மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 501 முதல் 3,000 வரை 100 பேர், 3,001 முதல் 10,000 வரை 200 பேர், அதற்கும் மேல் 300 பேர். ஆகவே தெருவிலிருந்து பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு போவதே ஒரு உதவி. அவர்கள் பேச வேண்டியதில்லை. நீங்கள் பேசும்போது "ஆமா" என்று தலையாட்ட ஆள் இருந்தால் குரல் தானே தெளியும்.

1. முன்னதாகப் போய் முன்வரிசைப் பக்கம் உட்காருங்கள். பின்னால் மரத்தடியில் நின்றால் எழுந்து வருவதற்குள் அடுத்த பொருளுக்குப் போய்விடுவார்கள்.

2. வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுமுன் பக்கத்தின் மேலே என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். படிக்கத் தெரியாதவர் பக்கத்திலிருப்பவரைப் படிக்கச் சொல்லுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்தோ கைநாட்டோ வேண்டாம்.

3. மன்றப்பொருள் வாசிக்கப்படும்போது கவனியுங்கள். குடிநீர் என்ற பொருள் வரும்போதே கையைத் தூக்குங்கள். கடைசியில் "வேற ஏதாவது?" என்று கேட்கும் நேரத்தில் பாதிப் பேர் கிளம்பியிருப்பார்கள்.

4. எழுந்து நின்று, மூச்சை ஒருமுறை முழுதாக விட்டுவிட்டுத் தொடங்குங்கள். அந்த இரண்டு நொடி உங்களுக்கு நீளமாகத் தோன்றும். கேட்கிறவருக்குத் தெரியவே தெரியாது.

5. மைக்கை வாயிலிருந்து நாலு விரல் தள்ளிப் பிடியுங்கள். ஊதாதீர்கள், தட்டாதீர்கள். ஸ்பீக்கர் பாக்ஸுக்கு எதிரே போய் நின்றால் மைக் கூவும், பாக்ஸுக்குப் பின்பக்கமாக நில்லுங்கள்.

6. முதல் வாக்கியத்தைத் தலைவரைப் பார்த்தும், கோரிக்கையைப் பற்றாளரைப் பார்த்தும் சொல்லுங்கள். தேர்தல் நடக்காத காலத்தில் தலைவர் இடத்தில் தனி அலுவலர் இருப்பார், முறை ஒன்றுதான்.

7. கிடைத்த பதிலைத் திருப்பிச் சொல்லுங்கள். "பாத்துச் செய்றோம்" என்றால், "அப்ப இந்த மாசம் 30-க்குள்ள ஆயிரும்னு எடுத்துக்கலாமா தலைவரே?" என்று கேளுங்கள். ஆகும் என்றோ ஆகாது என்றோ அவர் சொல்லியே தீர வேண்டும், இரண்டும் உங்களுக்குப் பயன்தான்.

8. கலைவதற்கு முன் ஊராட்சி செயலரிடம் போய்த் தீர்மானம் எழுதப்பட்டதா என்று பாருங்கள். தீர்மான எண்ணைக் குறித்துக்கொண்டு, மனுவின் பிரதியில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

குறுக்கே பேசினால்

பதில்களை முன்கூட்டியே வாயில் வைத்திருங்கள்.

"உக்காரும்மா, தெரியும்" என்றால்: "தெரிஞ்சது நல்லதுங்க. மினிட்ஸ்ல ஏறணும்ல, அதுக்காகச் சொல்லி முடிச்சிர்றேன்."

"வீட்டுல ஆம்பளை இல்லையா, அவரை வரச் சொல்லு" என்றால்: "ஓட்டர் லிஸ்ட்டுல என் பேரும் இருக்குங்க. நானே சொல்றேன்." இதைச் சொல்லும்போது குரலை உயர்த்த வேண்டாம். தாழ்ந்த குரலில் சொன்னால்தான் இந்தப் பதிலுக்கு வலு.

"இதை ஏன் இங்க பேசுற, தனியா வா" என்றால்: "தனியாவும் வர்றேங்க. இது தெருப் பிரச்சினை, தெருக்காரங்க முன்னாடியே பேசிருவோம்."

கூச்சல் அடங்கவில்லையென்றால் பேசாமல் நின்றுகொண்டே இருங்கள். உட்கார்ந்துவிட்டால் உங்கள் முறை முடிந்ததாகிவிடும். நிற்பவரைப் பார்த்து யாராவது ஒருவர் "அந்தப் புள்ள சொல்றதைக் கேளுங்கப்பா" என்பார்.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

பழைய கதையிலிருந்து தொடங்குவது முதல் தவறு. "எங்க அப்பா காலத்துல" என்று ஆரம்பித்தால் கோரிக்கைக்கு வருமுன் நேரம் முடிந்துவிடும். எழுதி வந்த தாளைத் தலை நிமிராமல் வாசிப்பது இன்னொன்று. தாளில் எண்களும் தேதியும் மட்டும் இருக்கட்டும். முன்னால் பேசியவர் சொன்னதையே மறுபடி முழுதாகச் சொல்லவும் வேண்டாம். "மேலத்தெரு அக்கா சொன்னதுதான், எங்க தெருவுல இன்னும் 9 வீடு சேத்துக்கங்க" என்று எண்ணிக்கையைக் கூட்டினால் இருவரின் கோரிக்கையும் கனமாகும்.

பாதுகாப்பு: இதைப் படிக்காமல் போகாதீர்கள்

- "பணத்தைத் தின்னுட்டாங்க" என்று ஆள் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டாதீர்கள். கையில் ஆதாரம் இல்லாவிட்டால் அவதூறு வழக்கு உங்கள் பக்கம் திரும்பும். "இந்த வேலைக்கு எவ்வளவு செலவு எழுதியிருக்கு, பில்லைக் காட்டுங்க" என்று கேளுங்கள். இப்படிக் கேள்வியாகக் கேட்டால் அதை அவதூறு என்று சொல்வது கடினம்.
- சாதி பெயரைச் சொல்லிப் பேசாதீர்கள். பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ பொது இடத்தில் சாதி பெயரால் இழிவுபடுத்துவது 1989-ம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். உங்களை அப்படிப் பேசினால் சொன்ன சொல், நேரம், கேட்டவர்கள் யார் என்பதை அன்றே எழுதிவையுங்கள்.
- மிரட்டல் வரக்கூடிய விஷயமென்றால் (ஆக்கிரமிப்பு, மணல், குவாரி) தனியாளாக எழாதீர்கள். பத்துப் பேர் கையெழுத்திட்ட மனுவாகக் கொடுத்து, ஆளுக்கு ஒரு வாக்கியமாகப் பேசுங்கள். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்தில் நேராகக் கொடுப்பது இன்னும் நல்லது.
- குடித்திருப்பவரோடு வாதம் செய்யாதீர்கள். பெண்களுக்கு அச்சுறுத்தல் இருந்தால் 181-க்கு அழைக்கலாம்.

பேசி முடித்த பிறகு

ஒரு தடவை பேசியதோடு காரியம் முடிவது அபூர்வம். புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1927-ல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் தேவதாசி முறைக்கு எதிராகத் தீர்மானம் கொண்டுவந்தார். முழு ஒழிப்புச் சட்டம் வந்தது 1947-ல். அத்தனை பெரிய மனுஷி இருபது ஆண்டு விடாமல் பேச வேண்டியிருந்தது. நம் குழாய்க்கு இரண்டு சபை ஆனால் மனம் தளர வேண்டியதில்லை.

சொன்ன தேதி தாண்டியதும் தீர்மான எண்ணைச் சொல்லி ஊராட்சி அலுவலகத்தில் கேளுங்கள். நகரவில்லையென்றால் ஒன்றிய அலுவலகம், அதற்கப்புறம் முதல்வரின் உதவி மையம் 1100. அடுத்த சபையில் எழும்போது புதிதாகத் தொடங்காதீர்கள். "போன கூட்டத்துல இந்த எண் தீர்மானம் போட்டீங்க, அது எந்த நிலையில இருக்கு?" என்பதே முதல் வாக்கியமாக இருக்கட்டும்.

நேர்காணல்: மாத்தூர்க் கம்பெனிகளில்

திருச்சி பெல் நிறுவனத்தை ஒட்டி வளர்ந்த ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் மாத்தூர்ப் பக்கம் நிறைய. ஐடிஐ முடித்த நம் பிள்ளைகள் முதலில் போய் நிற்பது அங்கேதான். நேர்காணல் பெரும்பாலும் பத்து நிமிடத்தைத் தாண்டாது. ஒரு சூப்பர்வைசரும் மனிதவளப் பிரிவிலிருந்து ஒருவரும் இருப்பார்கள். அவர்கள் தெரிந்துகொள்ள விரும்புவது இரண்டு: வேலை தெரியுமா, ஒழுங்காக வருவாரா.

1. முந்தின நாள்: எந்தப் பஸ், எத்தனை மணி என்று பார்த்துவிடுங்கள். பயோடேட்டா இரண்டு பிரதி, சான்றிதழ் நகல்கள், அசல், பேனா. செருப்பு வேண்டாம், ஷூ போட்டுப் போங்கள், பட்டறைக்குள் கூட்டிப்போய்ச் செய்து காட்டச் சொல்லலாம்.

2. வாசலில்: காவலாளியிடம் பேசும்போதே நேர்காணல் தொடங்கிவிட்டது. "அண்ணே, வணக்கம். இண்டர்வியூக்கு வந்திருக்கேன், யாரைப் பாக்கணும்?"

3. அறைக்குள்: "உள்ள வரலாமா சார்?" உட்காரச் சொன்னதும் உட்காருங்கள். போனை வெளியிலேயே அணைத்துவிடுங்கள்.

4. "உன்னைப் பத்திச் சொல்லுப்பா": அப்பா பெயர், அண்ணன் தங்கை எண்ணிக்கை எல்லாம் இங்கே வேண்டாம். வேலையைப் பேசுங்கள்:

"வணக்கம் சார். சொந்த ஊர் குளத்தூர். ஐடிஐயில வெல்டர் டிரேடு, ஒரு வருசக் கோர்ஸ் முடிச்சிருக்கேன். ஆர்க் வெல்டிங்ல ஃப்ளாட், ஹரிசாண்டல் நல்லா வரும். வெர்டிகல் இன்னும் பழகணும். லீவு நாள்ல கீரனூர்ல ஒரு கிரில் பட்டறையில கேட், ஜன்னல் கிரில் செஞ்சிருக்கேன்."

"வெர்டிகல் இன்னும் பழகணும்" என்ற வாக்கியத்தை வெட்டிவிடத் தோன்றும். வெட்டாதீர்கள். அனுபவமுள்ள சூப்பர்வைசருக்கு, எது வராது என்று சொல்லத் தெரிந்த பையன்மீதுதான் நம்பிக்கை வரும். எல்லாம் வரும் என்று சொன்னால் கையில் ஹோல்டரைக் கொடுத்துவிடுவார், ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

5. தெரியாத கேள்வி: முழிக்காதீர்கள், உளறாதீர்கள். "அது தெரியலை சார். வெர்னியர் பாக்கத் தெரியும், லீஸ்ட் கவுண்ட் 0.02 மில்லிமீட்டர். மைக்ரோமீட்டர்ல 0.01." தெரியாததை ஒப்புக்கொண்டு, பக்கத்தில் தெரிந்ததைக் காட்டுங்கள்.

6. "இதுக்கு முன்னாடி ஏன் விட்ட?": பழைய முதலாளியைக் குறை சொல்ல வேண்டாம். "அங்க கிரில் வேலை மட்டும்தான் சார், கனமான பிளேட் வேலை கத்துக்கணும்னு வந்தேன்."

7. நீங்கள் கேட்க வேண்டியவை: கடைசியில் "ஏதாவது கேக்கணுமா?" என்றால் "ஒண்ணுமில்ல சார்" என்று எழுந்துவிடாதீர்கள். அப்ரண்டிஸா, ஒப்பந்தமா, நிரந்தரமா? பிடித்தம் போகக் கையில் எவ்வளவு? பிஎஃப், ஈஎஸ்ஐ உண்டா? ஷிப்ட் எப்படி, ஓவர்டைம் கணக்கு எப்படி? கையுறை, கண்ணாடி, ஷூ கம்பெனி தருமா? மரியாதையாகக் கேட்டால் எந்த நல்ல நிறுவனமும் இதற்குக் கோபப்படாது.

ஐடி வேலைக்கோ வங்கிக்கோ போகிறவர்களுக்கும் வரிசை இதுதான். கொஞ்சம் ஆங்கிலம் கூடுதலாகத் தேவைப்படும். கல்லூரியில் "நான் முதல்வன்" திட்டத்தின் கீழ் வகுப்பு இருந்தால் விட்டுவிடாதீர்கள். டிஎன்பிஎஸ்சி குரூப் 4-க்கு நேர்காணலே கிடையாது. அதற்கு நேர்காணல் பயிற்சி என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

நேர்காணலில் பாதுகாப்பு

- வேலைக்காக முன்பணம், "டெபாசிட்", "யூனிபார்ம் காசு" எதுவும் கட்டாதீர்கள். ஆன்லைனில் கட்டி ஏமாந்திருந்தால் உடனே 1930-க்கு அழையுங்கள், முதல் சில மணி நேரத்தில் சொன்னால்தான் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம்.
- அசல் சான்றிதழைக் காட்டுங்கள், விட்டுவிட்டு வராதீர்கள்.
- நேர்காணல் கம்பெனியில் நடக்க வேண்டும். லாட்ஜுக்கோ தனி வீட்டுக்கோ கூப்பிட்டால் போக வேண்டாம். பெண்கள் போகும் இடத்தின் லொக்கேஷனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு உள்ளே நுழையுங்கள்.
- கல்யாணம் எப்போது, குழந்தை எப்போது என்று கேட்டால்: "வேலை நேரத்துக்குச் சரியா வந்துருவேன் மேடம்" என்று வேலைக்குத் திருப்புங்கள். தகாத பேச்சு வந்தால் எழுந்து வெளியே வந்துவிடுங்கள், விளக்கம் சொல்லத் தேவையில்லை.

போனில்

பயோடேட்டா கொடுத்த பிறகு தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வரும் என்று எதிர்பார்த்திருங்கள். "யாரு?" என்று வெட்டெனக் கேட்காமல் "வணக்கம், சொல்லுங்க" என்று எடுங்கள். பஸ்ஸில் இருந்தால், "சார், பஸ்ல இருக்கேன், பத்து நிமிசத்துல நானே கூப்பிடறேன்" என்று சொல்லிவிட்டு, சொன்னபடி கூப்பிடுங்கள். ஓடிபி கேட்கிறவர் எந்தக் கம்பெனிப் பெயரைச் சொன்னாலும் வைத்துவிடுங்கள்.

நாள், நேரம், இடம், பார்க்க வேண்டியவர் பெயர் ஆகிய நான்கையும் கேட்டு வாங்கி, "புதன்கிழமை காலையில பத்து மணி, மாத்தூர் கம்பெனி, கேட்ல உங்க பேரைச் சொல்லணும், சரிங்களா சார்?" என்று திருப்பிச் சொல்லுங்கள். அவர் "ஆமா" என்றதும் வைத்துவிட்டு, போனில் பதிந்தால் போதும் என்று இருக்காமல் தாளில் எழுதி, பயோடேட்டா வைத்திருக்கும் கவரிலேயே போட்டுவிடுங்கள்.